393 ஞாயிறுகள்: மலையக உள்ளூராட்சி சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர்களே, உறுப்பினர்களே,

மலையகத்துப் பிரதேச சபைகளுக்கும் நகர சபைகளுக்கும், அவற்றோடு சேர்ந்து ஊர் ஊராகத் துணிப் பை வழங்கிவரும் அமைப்புகளுக்கும் பொதுவாக இந்த மடலை எழுதுகிறேன். நான் தோட்டப் பாடசாலையில் முப்பத்தோர் ஆண்டுகள் கற்பித்து ஓய்வு பெற்றவள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது ஹட்டனுக்குக் கிட்டிய ஒரு சிறு நகரத்தில் குடியிருக்கிறேன்.

என் சமையலறைக் கதவின் பின்னால் அடித்திருக்கும் ஆணியில் ஒன்பது பைகள் தொங்குகின்றன. ஒன்றைக்கூட நான் காசு கொடுத்து வாங்கவில்லை. சுற்றாடல் தினத்துக்கு ஒன்று, சங்கக் கூட்டத்துக்கு ஒன்று, கடை திறப்பு விழாவுக்கு ஒன்று, பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு அனுசரணை வழங்கியவர்கள் தந்தது ஒன்று என நாலைந்து ஆண்டுகளில் சேர்ந்தவை அவை. அவற்றில் இரண்டு அசல் பருத்தி. மற்ற ஏழும் பார்வைக்குத் துணி போல இருந்தாலும், நெய்யாமல் அழுத்தி ஒட்டிய பொலிப்ரோப்பிலீன் தாள்கள். அதாவது அவையும் பிளாஸ்டிக்தான். அந்த ஏழில் ஒன்றை ஒருநாள் சந்தைக்குக் கொண்டுபோனேன். மூன்று தேங்காய்களும் இரண்டு கிலோ உருளைக்கிழங்கும் வைத்ததும், பஸ் நிலையத்தில் வைத்து ஒரு பக்கத்துக் கைப்பிடி தையலோடு பிய்ந்து வந்துவிட்டது. கிழங்குகளை ஒரு பிள்ளை ஓடி ஓடிப் பொறுக்கித் தந்தான். பக்கத்துக் கடையில் ஒரு பொலித்தீன் சொப்பிங் பேக் வாங்கித்தான் வீடு வந்து சேர்ந்தேன். பிய்ந்த பையில் “சூழலைக் காப்போம்” என்று பச்சை எழுத்தில் அச்சிட்டிருந்தது.

2025 நவம்பர் 1 முதல் கைப்பிடியுள்ள பொலித்தீன் பைகளைக் கடைகளில் இலவசமாகக் கொடுக்கக் கூடாது, விலையைக் காட்சிப்படுத்திப் பற்றுச்சீட்டிலும் காட்ட வேண்டும் என்ற விதி வந்த பிறகு, வீட்டுக்கு ஒரு துணிப் பை கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்ற பேச்சை அடிக்கடி கேட்கிறேன். அந்தப் பேச்சு நல்ல மனதிலிருந்து வருவது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சபைப் பணம் எதற்காவது ஒதுக்கப்படும் முன்னர், ஒரு பை சூழலுக்கு உண்மையில் எப்போது உதவுகிறது, எப்போது உதவுவதில்லை என்பதை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நம் நாட்டில் சட்டங்களுக்குக் குறைவில்லை. 20 மைக்ரோனுக்கு (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்த தடிப்புள்ள பொலித்தீனுக்கு 2007இலேயே தடை வந்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று, கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. அந்த ஆண்டு செப்டெம்பரில் சாப்பாடு சுற்றும் லஞ்ச் ஷீட், ரெஜிபோம் பெட்டி, மெல்லிய சிலுசிலுப் பை ஆகியவற்றின் மீது தடை வந்தது. 2023 ஒக்டோபரில் உறிஞ்சுகுழாய், பிளாஸ்டிக் கரண்டி, இடியப்பத் தட்டு வரை பட்டியல் நீண்டது. இத்தனைக்கும் பிறகு மாரி மழையின் முதல் வெள்ளத்தில் எங்கள் தெருக் கான் (வடிகால்) எதைச் சுமந்து வருகிறது என்பது உங்கள் அனைவருக்கும் தெரியும்.

பையின் கணக்கைப் பிற நாடுகளில் செய்து பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் சுற்றாடல் முகவரகம் 2011இல் வெளியிட்ட ஆய்வு, பைக்கான மூலப்பொருள் எடுப்பது முதல் அது குப்பையாகும் வரை வெளியேறும் வெப்பமூட்டும் வாயுக்களைக் கணக்கிட்டது. மெல்லிய பொலித்தீன் பையை ஒரே ஒரு முறை பயன்படுத்தி எறிகிறோம் என்று வைத்துக்கொண்டால், அதைவிட நல்லது என்று சொல்வதற்குக் கடதாசிப் பையை 3 முறையும், தடித்த பொலித்தீன் பையை 4 முறையும், நெய்யாத பொலிப்ரோப்பிலீன் பையை 11 முறையும், பருத்திப் பையை 131 முறையும் பயன்படுத்தியாக வேண்டும் என்பது அதன் முடிவு. காரணம் விளங்காத ஒன்றல்ல. சிலுசிலுப் பையின் எடை சில கிராம்கள்தான். பருத்திப் பை அதைப் போல இருபது மடங்குக்கும் மேல் எடை கொண்டது. பருத்திச் செடிக்குத் தண்ணீரும் உரமும் பூச்சிமருந்தும் வேண்டும். நூற்கவும் நெய்யவும் வெளுக்கவும் எரிபொருள் வேண்டும். நம் நாட்டுக்கு அது கப்பலேறி வர வேண்டும்.

அந்த ஆய்வில் பலரும் கவனிக்காமல் விடுகின்ற இன்னொரு வரிசை எண்கள் உண்டு. என்னை இந்த மடலை எழுத வைத்தவை அவைதாம். பொலித்தீன் பையை ஒரு முறையோடு எறியாமல் மூன்று முறை பயன்படுத்தினால் கணக்கு மாறிவிடுகிறது. அப்போது பொலிப்ரோப்பிலீன் பை 33 முறையும், பருத்திப் பை 393 முறையும் கடைக்குப் போய்வந்தால்தான் ஈடாகும். கிழமைக்கு ஒரு சந்தை என்றால் 393 ஞாயிறுகள், ஏழரை ஆண்டுகள். என் ஆணியில் தொங்கும் இரண்டு பருத்திப் பைகளையும் மாறி மாறி எடுத்துப்போனால் பதினைந்து ஆண்டுகள் ஆகும்.

இனி நம் லயங்களைப் பாருங்கள். அங்கே எந்தச் சொப்பிங் பேக் ஒரு முறையோடு எறியப்படுகிறது? பத்தாம் திகதி சம்பளம் வாங்கி, அடுத்து வரும் ஞாயிறில் மாவும் சீனியும் பருப்பும் கொண்டு வந்த பையை உதறி, மடித்து, கூரைத் தகரத்துக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள சந்தில் செருகி வைப்பார் என் தாயார். மறுநாள் அதில் ரொட்டியும் சம்பலும் சுற்றி மலைக்குப் போகும். மழை நாளில் பிள்ளையின் புத்தகங்களுக்கு உறையாகும். கொழுந்தெடுக்கும்போது தலையில் கட்டிக்கொள்ள ஆகும். ஓட்டை விழுந்த பிறகு நாற்றுத் தொட்டியாகும். கடைசியில், ஈர விறகு பற்றிக்கொள்ளாத ஒரு காலை நேரத்தில் அடுப்புக்குள் போகும். அந்தக் கடைசிக் காரியம் கெட்டது. புகையால் நிறைந்த அந்த அறையிலேயே கைக்குழந்தையும் படுத்திருக்கும். நானும் அந்தப் புகையில்தான் எழுத்துக்கூட்டப் படித்தேன். ஆனாலும் நம்மவர்கள் பொலித்தீனை ஒரு முறை தொட்டு எறிகிறவர்கள் என்ற நினைப்பில் எழுதப்படும் துண்டுப் பிரசுரங்களை வாசிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மீளப் பயன்படுத்துவதை எங்கள் தாய்மாருக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கோதுமை மா துணிச் சாக்கில் வந்த காலத்தில், அந்தச் சாக்கைச் சவர்க்காரம் போட்டு அவித்து, அச்செழுத்தைப் போக்கி, தலையணை உறையும் பாவாடையும் சந்தைப் பையும் தைத்தவர்கள் அவர்கள். என் முதல் பாடசாலைப் பையும் மாச்சாக்கில் தைத்ததுதான். எவ்வளவு துவைத்தும் அதன் அடியில் ஒரு நீல எழுத்துப் போகாமலே கிடந்தது.

அப்படியென்றால் பொலித்தீனே நல்லது, அதையே தொடருவோம் என்று நான் சொல்ல வரவில்லை. வெளிநாட்டு எண்களை எடுத்துக்கொண்டு அப்படிச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. டென்மார்க்கின் சுற்றாடல் நிறுவனம் 2018இல் வெளியிட்ட ஆய்வு அவர்கள் வாயில் அடிக்கடி வரும். பருத்திப் பையை 7,100 முறை பயன்படுத்த வேண்டும் என்ற எண் அங்கிருந்து வந்தது. ஆனால் அதே ஆய்வில் காலநிலை மாற்றத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் அந்த எண் 52 மட்டுமே. 7,100 என்பது ஓசோன் படலத்துக்கான பாதிப்பு என்ற ஒரே அளவுகோலால் ஏறிய எண். அதைவிட முக்கியமானது, டென்மார்க்கில் வீட்டுக் குப்பை முறையாகச் சேர்க்கப்பட்டு எரித்து வெப்பமும் மின்சாரமும் ஆக்கப்படுகிறது என்பதும், அதனால் பை காற்றில் பறந்து ஆற்றில் விழுவதை அந்த ஆய்வு கணக்கில் கொள்ளவில்லை என்பதுமே. எங்கள் நிலைமை அதற்கு நேர்மாறானது. இங்கே பை போய்ச் சேருமிடம் லயத்துக் கோடிப்புறம், அதற்குக் கீழே கான், கானுக்குக் கீழே ஓயா என்ற சிற்றாறு. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களின் ஓரத்தில் தண்ணீர் வற்றிய நாட்களில் நடந்து பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. அந்தத் தண்ணீரைத்தான் அம்பத்தலையில் சுத்திகரித்துக் கொழும்பு குடிக்கிறது. நாம் மேலே இருக்கிறோம். நம் கானில் விழுவது நம்மோடு முடிந்துபோவதில்லை.

ஆகவே இரண்டு கணக்குகள் இருக்கின்றன: வானத்துக்குப் போகும் புகையின் கணக்கு ஒன்று, ஓயாவில் விழும் பொலித்தீனின் கணக்கு இன்னொன்று. முதல் கணக்கில் துணிப் பை எளிதாகத் தோற்றுவிடும். இரண்டாவது கணக்கில் அது வெல்ல முடியும். ஆனால் வீட்டை விட்டு வெளியே வந்தால்தான் வெல்லும். ஆணியில் தொங்கும் பை இரண்டிலும் தோற்கிறது.

அது ஏன் ஆணியிலேயே தொங்குகிறது என்று யாராவது எங்களிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். முதற் காரணம் மழை. மே மாதக் கடைசியில் தொடங்கும் தென்மேல் பருவமழையில், சந்தியில் பஸ்ஸை விட்டிறங்கி இரண்டு மூன்று கிலோமீற்றர் ஏற்றம் ஏறி லயத்துக்குப் போகும் ஒரு தாய், துணிப் பையில் மாவும் சீனியும் கொண்டுபோக முடியாது. வீடு சேரும்போது சீனி பாகாகியிருக்கும். நனைந்த பை காய நாலு நாள் ஆகும்; காயாத பையில் பூஞ்சணம் பிடிக்கும். கருவாடோ மீனோ வைத்த பையை உடனே கழுவ வேண்டும், கழுவினால் மீண்டும் காய வேண்டும். இதையெல்லாம் கொழும்பிலுள்ள ஓர் அலுவலக மேசையில் இருந்து பையை வடிவமைக்கிறவர் அறிய வழியில்லை. ஆனால் நீங்கள் இந்த ஊரவர்கள், உங்களுக்குத் தெரியும். இரண்டாவது காரணம் அளவு. ஒரு குடும்பத்தின் பதினைந்து நாள் சாமான், விழாவில் தரும் சிறு பைக்குள் அடங்காது. மூன்றாவது காரணம், பெரும்பாலானோர் சந்தைக்கு என்று வீட்டிலிருந்து புறப்படுவதில்லை. மலையிலிருந்தோ வைத்தியசாலையிலிருந்தோ திரும்பும் வழியில் வாங்குகிறார்கள். அந்த நேரம் கையில் பை இருக்காது.

சந்தையில் தாராளமாகப் புழங்குவது வேறொன்று. கைப்பிடியுள்ள பைக்கு விலை வந்த பிறகு, கைப்பிடியில்லாத மெல்லிய பைகளின் சுருள் ஒவ்வொரு கடைத் தராசுக்குப் பக்கத்திலும் தொங்குகிறது. அரைக் கிலோ போஞ்சிக்கு ஒன்று, கால் கிலோ தக்காளிக்கு ஒன்று, நாலு பச்சை மிளகாய்க்கும் ஒன்று எனக் கிழித்துத் தருகிறார்கள். பின்னர் அவை எல்லாவற்றையும் நாம் கொண்டுபோன துணிப் பையில் போட்டுத் தருகிறார்கள். இந்தச் சிறு பைகளை மீண்டும் பயன்படுத்துவது கடினம்; கிழியாமல் முடிச்சை அவிழ்க்கவே முடியாது. சென்ற ஆண்டு தரம் 8 பிள்ளைகளோடு பாடசாலைக்குப் பின்னாலுள்ள கானைத் துப்புரவாக்கி, எடுத்ததை வகை வகையாகப் பிரித்து வைத்தோம். பிஸ்கட் உறைகளும் ஷாம்பு பக்கற்றுகளும் சேர்ந்த குவியல்தான் பெரியது. அடுத்தது இந்த முடிச்சுப் பைகள். கைப்பிடியுள்ள சொப்பிங் பேக் மூன்றாவது குவியல். “டீச்சர், நாங்கள் விலை வைத்தது சின்னக் குவியலுக்கா?” என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுக்கு அன்று நான் சரியான பதில் சொல்லவில்லை.

விலை வைப்பது பலன் தரும் என்பதை நான் மறுக்கவில்லை. அயர்லாந்து 2002இல் ஒரு பைக்கு 15 யூரோ சதம் வரி வைத்ததும், ஆளுக்கு ஆண்டுக்கு 328 ஆக இருந்த பைகளின் எண்ணிக்கை 21 ஆகக் குறைந்தது. வாங்குகிறவர் கையிலிருந்து காசு போகிறபோது ஒரு நொடி யோசிக்கிறார். அந்த ஒரு நொடிதான் வேலை செய்கிறது. ஆனால் இங்கிலாந்தில் மெல்லிய பைக்கு விலை வைத்துவிட்டு, “ஆயுள் முழுவதும் பயன்படும்” என்ற பெயரில் தடித்த பிளாஸ்டிக் பையைப் பக்கத்திலேயே மலிவாக விற்றபோது, மக்கள் அதையும் ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்கத் தொடங்கினார்கள். 2019இல் சுற்றாடல் அமைப்புகள் வெளியிட்ட கணக்கின்படி ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 54 பைகள். அதாவது ஆயுட்காலப் பை ஒன்றின் ஆயுள் ஒரு கிழமைக்கும் குறைவு. கலிபோர்னியாவில் சொப்பிங் பைக்குத் தடை வந்த நகரங்களில், வீட்டுக் குப்பைக்கூடைக்குள் போடும் சிறிய பொலித்தீன் பைகளின் விற்பனை இரு மடங்குக்கு மேல் கூடியதாக 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. கடைப் பை அந்த வேலையையும் செய்துகொண்டிருந்தது என்பது தடை வந்த பிறகுதான் தெரிந்தது. நம் வீடுகளிலும் அது என்னென்ன வேலை செய்கிறது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

இவற்றை மனதில் வைத்துச் சில வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறேன்.

துணிப் பை வாங்க ஒதுக்கும் பணத்தில் புதிய பருத்திப் பையோ, அச்சடித்த பொலிப்ரோப்பிலீன் பையோ வாங்காதீர்கள். ஒவ்வொரு மளிகைக் கடையின் பின்புறத்திலும் வெறும் அரிசிச் சாக்கும் மாச்சாக்கும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அவை ஏற்கெனவே செய்யப்பட்டுவிட்டவை. அவற்றை உண்டாக்கிய புகை ஏற்கெனவே வானத்துக்குப் போய்விட்டது. ஒரு 25 கிலோ அரிசிச் சாக்கில் இரட்டைத் தையல் போட்ட, மழை எளிதில் ஊறாத, பத்துக் கிலோ தாங்கும் பை ஒன்று கிடைக்கும். ஒவ்வொரு தோட்டத்திலும் தையல் மெஷின் வைத்திருக்கும் பெண்கள் நாலு பேராவது இருக்கிறார்கள். சபைப் பணம் கூலியாக அவர்கள் கைக்குப் போகட்டும். உரச் சாக்கையும் மருந்துச் சாக்கையும் மட்டும் இதற்கு எடுக்க வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் சாப்பாட்டுச் சாமானுக்கு அவை ஆகாது.

அடுத்தது, என் ஆணியிலும் உங்கள் ஆணியிலும் தொங்குகின்ற பைகள். சந்தை வாசலிலும் பெரிய கடைகளிலும் ஒரு அடுக்கு வைத்து, வீட்டில் சும்மா கிடக்கும் பைகளைக் கொண்டுவந்து அதில் போடச் சொல்லுங்கள். மலையிலிருந்து நேரே வருகிறவர் ஒன்றை எடுத்துப்போய் அடுத்த முறை திருப்பி வைக்கட்டும். திரும்பாதவையும் இருக்கும்தான். ஆனால் யாரோ ஒருவர் வீட்டில் அது சந்தைக்குப் போய்வந்துகொண்டிருக்கும். என் கதவுக்குப் பின்னால் தூங்குவதைவிட அது மேல்.

சந்தைக் கடைக்காரர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். தராசில் நிறுத்ததை நேரே வாங்குகிறவரின் பைக்குள் கொட்டுவதற்குச் சட்டம் எதுவும் தேவையில்லை. போஞ்சியும் கரட்டும் கிழங்கும் ஒரே பையில் இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. வீட்டில் தனித்தனியாக எடுத்து வைத்துக்கொள்ளலாம். மிளகாயும் உள்ளியும் போன்ற சில்லறைச் சாமான்களுக்கு முன்போலக் கடதாசிச் சரை போதும். ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்களின் பைகளை வாசலிலேயே சோதித்துப் பொலித்தீனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். யாரும் கோபித்துக்கொண்டு திரும்பிப் போவதில்லை. வாசலில் ஓர் ஆள் நின்று மரியாதையாகச் சொன்னால் நம் மக்கள் கேட்பார்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் அழுத்திக் கேட்பது குப்பை சேர்ப்பதைப் பற்றி. பிரதேச சபைப் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவழிக்க நெடுங்காலம் சட்டம் இடம் தரவில்லை. 2018இல் செய்யப்பட்ட திருத்தத்தோடு அந்தத் தடை நீங்கியது. அதற்குப் பிறகும் எங்கள் பகுதியில் குப்பை டிரக்டர் பிரதான வீதியோடு திரும்பிவிடுகிறது, லயத்துக்கு ஏறுவதில்லை. எந்தப் பையானாலும், துணியோ தாளோ பொலித்தீனோ, ஒருநாள் கிழியத்தான் போகிறது. கிழிந்த பையைக் கொடுக்க ஓர் இடமில்லாத வீட்டில், அது அடுப்புக்குள் போகும், அல்லது கானுக்குள் போகும். பதினைந்து நாளைக்கு ஒருமுறையாவது டிரக்டர் மேலே வந்து, உக்காத குப்பையை மட்டும் எடுத்துச் சென்றால், நூறு விழாக்களில் கொடுக்கும் பைகள் செய்யாததை அது செய்யும். உக்கும் குப்பைக்கு லயத்தைச் சுற்றி மரக்கறித் தோட்டங்கள் இருக்கின்றன. அதை எங்கள் மக்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஆண்டு முடிவில் சபை தன் அறிக்கையில் “இத்தனை ஆயிரம் துணிப் பைகள் வழங்கப்பட்டன” என்று எழுதுவதற்குப் பதிலாக, டிரக்டர் எத்தனை லயங்களுக்கு ஏறியது, சந்தையில் மெல்லிய பைச் சுருள்கள் எத்தனை குறைந்தன என்று எழுதினால் போதும். அதை எண்ணுவது கடினம் என்று சொல்வீர்கள். கடைக்காரர்களிடம் மாதம் எத்தனை சுருள் வாங்குகிறார்கள் என்று கேட்டாலே தெரிந்துவிடும். நான் மூன்று பேரிடம் கேட்டேன், மூவரும் மறைக்காமல் சொன்னார்கள்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். வரும் மாதம் சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறில், எங்கள் சந்தை வாசலில் அந்த அடுக்கை வைக்க நானும் என் பழைய மாணவர்கள் சிலரும் தயாராக இருக்கிறோம். ஒன்பது பைகளையும் துவைத்து, பிய்ந்த கைப்பிடியைத் தைத்து வைத்திருக்கிறேன். எங்களுக்கு ஒரு மேசையும், மழைக்கு நனையாமல் அதை வைக்கக் கூரைக்குக் கீழே நாலடி இடமும் வேண்டும். அனுமதியை எழுத்தில் தந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியை